வெல்லம் திரும்பி வந்தப்போ: ரியூனியன்ல ஒரு ஃபாஸ்டர் நாயோட பத்து மாசம்

எதுக்கு எழுதுறேன்

ஃபாஸ்டர்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு ஒரு வரி. ஆதரவில்லாம புடிபட்ட நாய்க்கு நிரந்தரமா ஒரு வீடு அமையுற வரைக்கும் நம்ம வீட்ல வச்சு, சோறு போட்டு, பழக்கி, அது எப்படிப்பட்ட நாய்னு பாத்துட்டு, அப்புறம் மனச கல்லாக்கிட்டு கொடுத்துடறது. இதுவரைக்கும் எட்டு நாய் எங்க வீட்லேர்ந்து போயிருக்கு. ஏழு போன இடத்துலயே நல்லா இருக்கு. ஒண்ணு மட்டும் ஒன்பதே நாள்ல திரும்பி வந்துச்சு. அதுக்கு நாய் காரணம் இல்ல, வாங்கிட்டுப் போனவங்களும் காரணம் இல்ல, நான் ஒரு ஃபார்ம்ல போட்ட டிக்குதான் காரணம். யார் பேரும் போடல. நாய் பேரு மட்டும் நிஜம்.

வீடும் ஊரும்

நாங்க காரைக்கால்காரங்க. பாஸ்போர்ட் பிரெஞ்சு, வீட்டுப் பேச்சு தமிழ். வீட்டுக்காரரோட வேலைக்காக இந்தியப் பெருங்கடல்ல இருக்கற பிரெஞ்சுத் தீவு ரியூனியனுக்கு வந்து எட்டு வருசம் ஆகுது, இருக்கறது சேன்-ஆந்த்ரே, தீவோட கிழக்குப் பக்கம், எங்க திரும்புனாலும் கரும்பு. வீட்ல நாங்க ரெண்டு பேரு, ஸ்கூல் போற பையன், என் மாமியார், ஒன்பது வயசுல ராஜான்னு எங்க சொந்த நாய். மாமியார அத்தைன்னுதான் கூப்பிடுவேன், இங்கயும் அப்படியே எழுதுறேன்.

இந்தத் தீவுல வீடில்லாம திரியுற நாய்ங்க ரொம்ப. பெரும்பாலும் எல்லாம் கலப்பு, ஆளுங்க அதுக்கு வச்சிருக்குற பேரு ரொயால் பூர்போன். தீவோட பழைய பேரு பூர்போன், அதுல ராஜவம்சமாம், கிண்டலுக்கு வச்ச பேரு, ஆனா இப்ப பெருமையாவே சொல்றாங்க. தெருவுல புடிக்கிற நாய ஃபூரியேர்னு ஒரு கொட்டகையில அடைப்பாங்க. சொந்தக்காரங்க தேடி வர்றாங்களான்னு 8 வேலை நாள் காத்திருக்கணும், அது சட்டம். வரலன்னா நாய்ங்களக் காப்பாத்துற ஏதாவது சங்கம் எடுத்துக்கலாம், யாரும் எடுக்கலன்னா ஊசி போட்டு முடிச்சிடுவாங்க. எங்க சங்கம் அப்படி எடுக்குற நாய்ங்கள எங்கள மாதிரி வீடுகள்ல பிரிச்சு விடுது. நாய் சங்கத்தோடது, டாக்டர் செலவு அவங்களோடது, சோறும் பொறுப்பும் நம்மளோடது. 2021 நவம்பர்ல வந்த பிரெஞ்சு சட்டத்துக்கப்புறம் ஃபாஸ்டர் வீட்டுக்கும் எழுத்துல ஒப்பந்தம் வேணும்.

ஊர்லேர்ந்து யார்கிட்ட பேசுனாலும் முதல் கேள்வி, "வெறிநாய்க்கடி பயம் இல்லியா?" ரியூனியன்ல ரேபிஸ் கிடையாது. இத அத்தைக்குப் புரிய வைக்கவே எனக்கு ஒரு வருசம் ஆச்சு, அவங்க மனசுல நாய்க்கடின்னா தொப்புள சுத்தி பதினாலு ஊசிதான்.

2024 அக்டோபர்: வந்த அன்னிக்கு

கரும்பு வெட்டு நடக்குற சமயம். வெட்டுன காட்டோரத்துல சுத்திட்டு இருந்த பெட்டைக் குட்டி, யாரோ மேரிக்கு, அதாவது நகராட்சி ஆபீசுக்கு, போன் போட்டு, ஃபூரியேர் வண்டி வந்து அள்ளிட்டுப் போயிருக்கு. எட்டு நாள்ல யாரும் கேட்டு வரல. அக்டோபர் 8 செவ்வாய்க்கிழமை எங்க வீட்டுக்கு வந்துச்சு. பழைய உருண்டை வெல்லம் நிறம், மூக்கு மட்டும் கறுப்பு. பையன்தான் வெல்லம்னு பேரு வச்சான்.

டாக்டர் பாத்ததுல எடை 8.6 கிலோ, கோரைப் பல்லு அப்பதான் முளைச்சு வந்துட்டு இருந்ததால வயசு ஆறு மாசத்துக்குக் கிட்ட. தோலுக்கு அடியில வைக்கிற அடையாள சிப் இல்ல. காதுக்குள்ள உண்ணி கொத்து கொத்தா. ஹார்ட்வார்ம்னு சொல்ற இதயப் புழுவுக்கு ரத்தப் பரிசோதனை பண்ணாங்க, நெகட்டிவ். ஆனா அந்த நெகட்டிவ்ல ரொம்ப சந்தோசப்பட வேணாம்னு அவரே சொன்னாரு. அந்தப் புழு கொசு மூலமா வருது, டெஸ்ட்ல தெரியுறது வளந்த பெண் புழுவோட அடையாளம், கொசு கடிச்சதுலேர்ந்து அது வளர ஆறு மாசம் கிட்ட ஆகும். அதனால சின்னக் குட்டிக்கு நெகட்டிவ்னு வர்றதுல பெருசா அர்த்தம் இல்ல, மாசாமாசம் தடுப்பு மாத்திரை கொடுத்துட்டு ஆறு மாசம் கழிச்சு திரும்பப் பாக்கணும். நோட்ல எழுதி வட்டம் போட்டு வச்சேன்.

முதல் மூணு மாசம்: நோட்ல இருந்தது

ஒவ்வொரு நாய்க்கும் பையனோட பழைய நாப்பது பக்க நோட்டு ஒண்ணு. தினமும் ராத்திரி நாலு வரி. வெல்லத்தோட நோட்ட இப்ப எடுத்துப் பாத்தா அழகாதான் இருக்கு, அதான் பிரச்சனையே.

முதல் பத்து நாள் அது வராண்டா மூலைய விட்டு வரல. தட்டு வச்சுட்டு நாம உள்ள போனாதான் திங்கும், தின்னா மூச்சு விடாம திங்கும். தொப்பி போட்ட ஆம்பளைங்களக் கண்டா சுவரோட ஒட்டிக்கும், எதிர் வீட்டுக்காரர் கரும்புக் கத்தியோட வேலிப்பக்கம் நடந்தப்போ நின்ன இடத்துலயே மூத்திரம் போயிடுச்சு. யாரும் கிட்டப் போகல, தொடல, கூப்பிடல. ராஜாவ மட்டும் அது பாட்டுக்கு நடமாட விட்டோம். தட்டு ரெண்டும் எதிரெதிர் மூலையில, ஏன்னா காஞ்ச பிரெட் துண்டு ஒண்ணுக்காக ராஜாகிட்ட பல்லக் காட்டுனதப் பாத்தேன்.

பதினோராவது நாள் நோட்ல இருக்கறது இது: "காலைல அத்தை முருங்கைக்கீரை உருவிட்டு உக்காந்திருந்தாங்க. வெல்லம் மெதுவா வந்து முறத்துலேர்ந்து ஒரு கை தூரத்துல படுத்துச்சு. அத்தை பாக்காத மாதிரி உருவிட்டே இருந்தாங்க. அரை மணி நேரம்."

அத்தைக்கு நாய்னா ஆகாதுன்னுதான் நாங்க நெனச்சுட்டு இருந்தோம். சமையக்கட்டுக்குள்ள வரக்கூடாது, சாமி ரூம் பக்கமே கூடாது, இது ரெண்டும் ஃபாஸ்டர் ஆரம்பிச்சப்பவே போட்ட கண்டிசன். வெல்லம் ரெண்டையும் மீறல, ஆனா சமையக்கட்டு வாசப்படியில தலைய மட்டும் உள்ள வச்சுட்டுப் படுக்கும். "போடி அந்தாண்ட"ன்னு அத்தை திட்டுவாங்க, திட்டிட்டே இட்லி விள்ளல் ஒண்ணு கீழ விழும். எப்படி விழுதுன்னு நான் கேட்டதே இல்ல.

நவம்பர் கடைசியில வெல்லம் வேற நாய். வாலு நிக்காம ஆடுது, பெல்ட் போட்டு கடைத்தெரு வரைக்கும் நடக்குது, ராஜாவோட மல்லுக்கட்டுது, பையனோட ஃபுட்பால கடிச்சுக் கிழிச்சாச்சு. டிசம்பர்ல சிப் போட்டு, தடுப்பூசி முடிச்சு, கருத்தடை ஆபரேஷனும் பண்ணியாச்சு. எடை 14 கிலோ. நோட்டு முழுக்க நல்ல செய்தி. ஒரே ஒரு வரி மட்டும் நாப்பது பக்கத்துல எங்கயும் இல்ல, அது ஏன் இல்லன்னு எனக்கு ஜனவரிலதான் உறைச்சுது.

ஃபார்ம்ல போட்ட டிக்

சங்கம் ஒவ்வொரு நாய்க்கும் ஒரு விவரத்தாள் கேக்கும். குழந்தைங்களோட எப்படி, பூனையோட எப்படி, கார்ல வாந்தி எடுக்குமா, இப்படி இருபது கேள்வி. அதுல ஒண்ணு, "தனியா இருக்குமா?" நான் ஆமான்னு டிக் போட்டேன்.

பொய் சொல்லணும்னு போடல. ராத்திரி வராண்டால தனியாதானே படுக்குது, சத்தம் போடறது இல்லியேன்னு நெனச்சு போட்டேன். கதவுக்கு அந்தப் பக்கம் ஜன்னலோரம் அத்தை கட்டில் இருக்கறது எனக்குத் தோணவே இல்ல.

டிசம்பர் கடைசியில தலைநகர் சேன்-தெனிலேர்ந்து ஒரு இளம் ஜோடி கேட்டாங்க. ரெண்டு பேரும் வேலைக்குப் போறவங்க, மூணாவது மாடி ஃப்ளாட். ரெண்டு தடவை வந்து பாத்தாங்க, நல்ல கேள்வியா கேட்டாங்க, நாங்களும் போயி வீட்டப் பாத்தோம், பால்கனிக் கம்பி இடைவெளி வரைக்கும் அளந்தோம். இங்க 2022 அக்டோபர் 1-லேர்ந்து யாருக்கு நாயோ பூனையோ கொடுத்தாலும் வாங்குறவங்க முதல்ல ஒரு உறுதிப் பத்திரம் எழுதணும், நாய்க்கு என்ன தேவை, என்ன செலவாகும்னு எல்லாம் அதுல இருக்கும். எழுதி 7 நாள் கழிச்சுதான் நாயக் கையில கொடுக்க முடியும். அவசரப்பட்டு வாங்கிடக் கூடாதுன்னு வச்சது. நாங்க அதுக்கும் மேல ரெண்டு நாள் சேத்தே காத்திருந்தோம். அவங்க, ரெண்டு பேரும் வேலைக்குப் போனா காலை எட்டுலேர்ந்து சாயங்காலம் அஞ்சரை வரைக்கும் நாய் தனியா இருக்கும், மதியம் ஒருத்தர் வந்து வெளிய கூட்டிட்டுப் போவோம்னு வெளிப்படையாவே சொன்னாங்க. நான் தலையாட்டுனேன். ஃபார்ம்லதான் டிக் இருக்கே.

2025 ஜனவரி 11, சனிக்கிழமை போச்சு. அத்தை அன்னிக்கு வெளியவே வரல, தலவலின்னாங்க.

ஒன்பதாம் நாள்

முதல் நாலு நாள் வந்த போட்டோவெல்லாம் சோஃபால மல்லாந்து தூங்குற போட்டோ. அவங்க லீவ் போட்டு கூடவே இருந்தாங்க. புதன்கிழமை ரெண்டு பேரும் வேலைக்குப் போனாங்க. பதினோரு மணிக்கு எனக்கு மெசேஜ், கீழ் வீட்டுக்காரங்க போன் பண்ணி நாய் ஒரு மணி நேரமா ஊளையிடுதுன்னு சொல்றாங்க, சகஜமா இது? பழகிடும்னு பதில் போட்டேன். அதுவும் தப்பு, அத பின்னால சொல்றேன்.

வெள்ளிக்கிழமை கதவு நிலை பூரா நகக் கீறல். சனிக்கிழமை ஒரு மணி நேரம் கடைக்குப் போனப்போ செல்போன வச்சு வீடியோ எடுத்து அனுப்புனாங்க. அதுல நாப்பது நிமிசம் வெல்லம் கதவுலேர்ந்து பால்கனி, பால்கனிலேர்ந்து கதவுன்னு நடந்துட்டே இருக்கு, வாயெல்லாம் எச்சி, நடுவுல நின்னு ஊளை, திரும்ப நடை. வச்சுட்டுப் போன கோழித்துண்ட மோந்து கூடப் பாக்கல. திங்கட்கிழமை சாயங்காலம் அவங்களே கொண்டு வந்து விட்டாங்க, முன்னங்கால்ல ஒரு நகம் பிஞ்சு ரத்தம் காஞ்சிருந்துச்சு. அந்தப் பொண்ணு அழுதுச்சு. வீட்டுச் சொந்தக்காரர்கிட்டேர்ந்து லெட்டர் வந்துடுச்சாம், அதயும் மன்னிப்புக் கேக்குற மாதிரி சொன்னாங்க. மன்னிப்பு நான் கேக்க வேண்டியது, கேட்டேன்.

வெல்லம் எங்க யாரையும் பாக்கல. நேரா வராண்டாவத் தாண்டி சமையக்கட்டு வாசப்படிக்குப் போயி, தலைய உள்ள வச்சுட்டு படுத்து, அப்படியே மறுநாள் காலை வரைக்கும் தூங்குச்சு.

அன்னிக்கு ராத்திரி நோட்டப் புரட்டுனப்போதான் தெரிஞ்சுது. மூணு மாசத்துல எங்க வீடு ஒரு நிமிசம் கூடக் காலியா இருந்தது இல்ல. நாங்க வேலைக்குப் போவோம், பையன் ஸ்கூலுக்குப் போவான், அத்தை வீட்லதான் இருப்பாங்க, வெளிய போனா எங்க யாராச்சும் கூட இல்லாமப் போக மாட்டாங்க, அதுவும் மத்தவங்க யாராச்சும் வீட்ல இருக்கற ஞாயித்துக்கிழமையில. முன்னாடி வந்த நாய்ங்களும் இப்படித்தான் இருந்துச்சு, அதுங்க எல்லாம் தோட்டம் இருக்குற வீட்டுக்கு, நிறைய ஆளுங்க இருக்குற குடும்பத்துக்குப் போனதால இது வெளியவே வரல.

வீடியோல பாத்தது

சங்கத்துல எல்லாரும் ஒண்ணுதான் சொன்னாங்க, "துணைக்கு இன்னொரு நாய் இருக்குற வீடாப் பாருங்க, சரியாயிடும்." எனக்கும் அதுதான் சரின்னு பட்டுச்சு. ஆனா ஒரு தடவை டிக் போட்டு பட்டாச்சு, இந்தத் தடவை பாத்துட்டுச் சொல்லலாம்னு மூணு சோதனை வச்சோம். மூணுலயும் செல்போன் கேமரா வராண்டா ஜன்னல்ல.

முதல்ல எல்லாரும் வெளிய, ராஜாவும் வெல்லமும் மட்டும் உள்ள. நாலாவது நிமிசம் ஊளை ஆரம்பிச்சுது, நாங்க தெருமுனைலதான் நின்னுட்டு இருந்தோம், உடனே வந்துட்டோம். வீடியோல ராஜா பக்கத்துல வந்து மோந்து பாக்குறான், வெல்லம் அவன் இருக்கறதையே கண்டுக்கல. ரெண்டாவது, அத்தை மட்டும் வெளிய, நான் வீட்ல. கேட் கிட்ட நின்னு முனகிட்டே இருந்துச்சு, ஆறு நிமிசம் கழிச்சு என்கிட்ட வந்து கையில இருந்தத வாங்கித் தின்னுச்சு. மூணாவது, ராஜாவ கூட்டிட்டு நாங்க எல்லாரும் வெளிய, அத்தை மட்டும் வீட்ல. வெல்லம் தூங்குச்சு.

ஆக துணை நாய் இதுக்கு ஒண்ணும் பண்ணாது. வேணுங்கறது மனுசத் துணை, அத்தைன்னா ரொம்ப நல்லது, அத்தை இல்லன்னா வேற ஆளு கூடப் போதும். சங்கத்துல சொன்னத அப்படியே நம்பியிருந்தா ரெண்டு நாய் இருக்குற ஒரு வேலைக்குப் போற வீட்டுக்கு அனுப்பியிருப்போம், அடுத்த ஒன்பதாம் நாள் திரும்ப வந்திருக்கும்.

டாக்டர் வீடியோ மூணையும் பாத்தாரு. இது அடம் இல்ல, பழிவாங்குறது இல்ல, பயம், அதுவும் மனுசங்களுக்கு மூச்சு முட்டுற மாதிரி வர்ற பயம்னாரு. கத்த விட்டா பழகிடும்னு சொல்றது இதுக்கு ஆகாது, ஒவ்வொரு தடவை அந்தப் பயம் உச்சிக்குப் போறப்பவும் இன்னும் ஆழமாப் பதியும்னாரு. நான் அந்தப் பொண்ணுக்கு அனுப்புன "பழகிடும்" எனக்கு அப்ப ஞாபகம் வந்துச்சு. ஃப்ளூக்ஸெட்டின் மாத்திரை ஆரம்பிச்சோம். அது வேலை செய்யவே நாலஞ்சு வாரம் ஆகும், மாத்திரை பயத்த இறக்கி மட்டும்தான் கொடுக்கும், பழக்குறது நம்ம வேலை.

பழக்குறதுன்னா, பயம் தொடங்குறதுக்கு முன்னாடியே திரும்பி வந்துடணும். முப்பது செகண்ட்ல ஆரம்பிச்சோம். கேட்ட சாத்து, முப்பது எண்ணு, வா, ஒண்ணும் நடக்காத மாதிரி உள்ள போ. அப்புறம் ஒரு நிமிசம், அப்புறம் நாப்பது செகண்ட், அப்புறம் ரெண்டு நிமிசம், ஏறிட்டே போகாம மேலயும் கீழயுமா. கொட்டாவி விட்டாலோ உதட்ட நக்கிட்டே இருந்தாலோ அதோட அன்னிக்கு நிறுத்திடணும்.

இதுல பெரிய சிக்கல் அத்தைய வெளிய அனுப்புறதுதான். எழுவத்தி ஒரு வயசு, வெயில்ல தெருவுல போயி நின்னு ரெண்டு நிமிசத்துல திரும்பி வாங்கன்னா? "நாய்க்காக நான் வீட்ட விட்டு வெளியேறணுமா"ன்னாங்க. நியாயந்தான். ஆனா மறுநாள் அவங்களே ஒண்ணு கண்டுபுடிச்சுச் சொன்னாங்க, எங்க யாருக்கும் தெரியாதது. அவங்க பவுடர் டப்பா மூடியத் திறந்தாலே வெல்லத்துக்கு மூச்சு வாங்க ஆரம்பிச்சுடுது. புடவை மாத்துறதுக்கு முன்னாடி, பை எடுக்குறதுக்கு முன்னாடி, அந்த மூடி கிறுக்குன்னு ஒரு சத்தம் போடும், அத்தை வெளிய போறாங்கன்னு அதுக்கு அதுதான் தகவல். அதனால ஒரு வாரம் அத்தை ஒரு நாளைக்குப் பத்து தடவை பவுடர் போட்டுட்டு எங்கயும் போகாம உக்காந்து டிவி பாத்தாங்க. வீடே கோயில் திருவிழா மாதிரி மணந்துச்சு. வாரக் கடைசியில மூடி சத்தம் கேட்டா வெல்லம் ஒரு கண்ண மட்டும் திறந்து பாத்துட்டு மூடிக்கும்.

பிப்ரவரி மூணாவது வாரத்துல பன்னண்டு நிமிசம் வந்தோம்.

புயல், அதுக்கப்புறம் காய்ச்சல்

பிப்ரவரி 28 வெள்ளிக்கிழமை காலைல கரான்ஸ் புயல் எங்க மேலயே ஏறிப் போச்சு. சிவப்பு எச்சரிக்கை வயலட்டா மாறுச்சு, மீட்பு வண்டி கூட ரோட்ல ஓடக்கூடாதுங்கற நிலை. ஜன்னல் மரக் கதவெல்லாம் அடைச்சு நடு ரூம்ல அஞ்சு மனுசங்க, ரெண்டு நாய். அஞ்சாவது ஆளு பக்கத்து வீட்டு அம்மா, அவங்க கூரைத் தகரம் ஏற்கனவே ஆடிட்டு இருந்துச்சு. ராஜா கட்டிலுக்கு அடியில நடுங்கிட்டுக் கிடந்தான். வெல்லம் அத்தை மடியில தலைய வச்சு நிம்மதியா இருந்துச்சு, எல்லாரும் ஒரே ரூம்ல இருக்கோம்ல, அதுக்கு அதுதான் சொர்க்கம்.

நாலு நாள் கரண்ட் இல்ல, தண்ணி இல்ல. தேங்குன தண்ணில நாய்ங்க வாய வைக்காம பாத்துக்கறதுதான் பெரிய வேலையா இருந்துச்சு, இங்க மழைக்காலத்துல எலிக்காய்ச்சல் ஜாஸ்தி, தடுப்பூசி போட்டிருந்தாலும் அது எல்லா வகைக்கும் காப்பு இல்ல. பயிற்சி நின்னுச்சு. ஸ்கூல் மூடுனதால பையனும் வீட்ல. அப்புறம் ஏப்ரல்ல அத்தைக்கு சிக்குன்குனியா, அந்த வருசம் தீவு பூரா அதான். மூணு வாரம் எந்திரிக்க முடியல, வெல்லம் கட்டிலுக்குக் கீழேர்ந்து நகரல. திரும்ப ஆரம்பிச்சப்போ பன்னண்டு நிமிசம் ரெண்டு நிமிசமா ஆயிடுச்சு.

ஏப்ரல் கடைசியில வட்டம் போட்டு வச்ச இதயப் புழு டெஸ்ட், நெகட்டிவ்.

பாரிஸ் வேணாம்னு சொன்னது

மே மாசம் சங்கத்துலேர்ந்து போன். பிரான்ஸ்ல ஒரு குடும்பம் வெல்லத்த போட்டோல பாத்துட்டு கேக்குறாங்க, தோட்டம் இருக்கு, ரெண்டு குழந்தைங்க, நல்ல மனுசங்க. இங்கேர்ந்து நிறைய நாய்ங்க அப்படிப் போகுது, தீவுல வீடு கிடைக்கறது கஷ்டம், பாரிஸுக்குப் போற பயணி யாராச்சும் தன்னோட டிக்கெட்ல கூட்டிட்டுப் போவாங்க. சுமார் 11 மணி நேரம். சின்ன நாய்னா கேபின்ல போகலாம், வெல்லம் அப்ப 16 கிலோ, கூண்டுல சரக்குப் பக்கம்தான்.

நான் வேணாம்னேன். நாலு நிமிசத்துல ஊளை விடுற, நகம் பிய்யுற அளவுக்கு கதவ சுரண்டுற நாய பதினோரு மணி நேரம் ஆளில்லாத இருட்டுல அடைக்கறதான்னு ஒண்ணு. அத விட, அங்க சரிப்படலன்னா எங்கிட்ட திரும்ப வர வழியே இல்ல, அந்த ஊர்ல இருக்குற ஏதோ ஒரு நாய்க் காப்பகத்துக்குப் போகும், அதுவும் எத்தனாவது இடம்?

சங்கத்துல இருக்குற ஒருத்தங்க கோவிச்சுக்கிட்டாங்க. அவங்க சொன்னதையும் எழுதணும். வெல்லம் எங்க வீட்ல ஏழு மாசமா ஒரு இடத்த அடைச்சு வச்சிருக்கு. வழக்கமா ஒரு நாய்க்கு எங்களுக்கு ரெண்டு, மூணு மாசம். அந்த ஏழு மாசத்துல ஃபூரியேர்லேர்ந்து இன்னும் ரெண்டு நாய் எங்க வீட்டுக்கு வந்திருக்கலாம், வரல, எட்டு நாள் முடிஞ்சு அதுங்க என்ன ஆச்சுன்னு நமக்கே தெரியும். ஒரு நாய் பயப்படக்கூடாதுன்னு ரெண்டு நாய் சாகணுமான்னு கேட்டாங்க. எனக்கு பதில் இல்ல. இப்பவும் இல்ல. ஆனாலும் வேணாம்னுதான் சொன்னேன்.

சலாசி

விவரத்தாளத் திருத்தி எழுதுனோம். "தனியா இருக்காது. பழக்கிட்டு இருக்கோம், இப்போதைக்கு பதினஞ்சு நிமிசம். பகல்ல ஒரு ஆளு வீட்ல இருக்கணும். வேற நாய் இருக்கணும்னு அவசியம் இல்ல." இப்படிப் போட்டா யாரு வருவாங்கன்னு சொன்னாங்க. மூணு வாரம் யாரும் வரலதான்.

ஜூன்ல ஒருத்தர் கூப்பிட்டாரு. சலாசி மலையில தனி வீடு, ரிட்டயர் ஆனவரு, மனைவி தவறி ரெண்டு வருசம், தோட்டத்துல பந்தல் போட்டு சௌசௌ. ஆமா, நம்ம சௌசௌதான், இங்க ஷூஷூன்னு சொல்லுவாங்க, சலாசியே அதுக்குப் பேர் போன இடம். தாத்தனுக்குத் தாத்தன் தமிழ்நாட்லேர்ந்து கரும்புக் காட்டுக்கு வந்தவங்க, பேருல தமிழ் இருக்கு, தீமிதிக்கு விரதம் இருப்பாரு, ஆனா ஒரு வார்த்தை தமிழ் வராது. பகல் பூரா தோட்டத்துல, வெளிய போறது வாரத்துக்கு ரெண்டு தடவை.

இந்தத் தடவை மெதுவாப் போனோம். முதல்ல அவரு வந்தாரு, நாலு தடவை, ஒவ்வொரு தடவையும் சும்மா வராண்டால உக்காந்துட்டுப் போனாரு. தொப்பி போட்டிருந்தாரு. முதல் நாள் வெல்லம் அத்தை பின்னாடி. ரெண்டாவது தடவை அவரே தொப்பியக் கழட்டி தரையில வச்சு அதுக்குள்ள கோழித்துண்டு போட்டு வச்சாரு, நாங்க யாரும் சொல்லித் தரல. அப்புறம் நாங்க அங்க போனோம், ஒரு சனி ஞாயிறு மட்டும் விட்டுட்டு வந்தோம், அத்தையோட பழைய புடவை ஒண்ணு கூடவே போச்சு. ஜூலை கடைசியில மூணு வாரம், அடாப்ஷன் பேப்பர் இல்லாம ஃபாஸ்டர் ஒப்பந்தத்துலயே, சரிப்படலன்னா யாருக்கும் சங்கடம் இல்லாம திரும்ப எடுத்துக்கற மாதிரி. தினமும் வீடியோ கேட்டேன், பாவம் அவருக்கு வீடியோ அனுப்பத் தெரியல, மக வந்து சொல்லிக் கொடுத்தாங்க.

முதல் வாரம் அவரு பாத்ரூம் போனாக் கூட கதவு வெளிய முனகல். மூணாவது வாரம் அவரு பந்தல் அந்தப் பக்கம் கண்ணுக்குத் தெரியாம போனாலும் படியிலயே படுத்திருந்துச்சு. ஆகஸ்ட் 16 கையெழுத்துப் போட்டாரு, உறுதிப் பத்திரம் ஜூலையிலயே எழுதியாச்சு.

இப்ப

தீபாவளி முடிஞ்சு போயி பாத்துட்டு வந்தோம். சரியாயிடுச்சுன்னு சொல்ல மாட்டேன். முக்கால் மணி நேரம் வரைக்கும் தனியா இருக்குது, அதுக்கு மேலன்னா பக்கத்து வீட்ல விட்டுட்டுப் போறாரு. மாத்திரை பாதியா குறைச்சிருக்கு, நிறுத்தல. தொப்பி பயம் போயிடுச்சு, கரும்புக் கத்தி பயம் அப்படியே இருக்கு. அவரு வெல்லாம்னு கூப்பிடுறாரு, அதுக்கும் திரும்புது. சேன்-தெனி ஜோடி ஒரு வயசான பூனைய எடுத்துட்டாங்க, எங்களோட பேச்சுவார்த்தை இருக்கு.

மாத்திக்கிட்டது

விவரத்தாள்ல நான் கண்ணால பாக்காத எதுக்கும் இப்ப டிக் போடறது இல்ல, "பாக்கல"ன்னு எழுதுறேன், சங்கத்துலயும் அந்தக் கட்டத்த சேத்துட்டாங்க. நாய் வந்த ரெண்டாவது வாரத்துலேர்ந்து வீட்ட காலி பண்ணி கேமரா வச்சுப் பாக்குறோம், முதல்ல ஒரு நிமிசம். மெசேஜ்ல யாராச்சும் கத்துதுன்னு சொன்னா பழகிடும்னு பதில் போடாம வீடியோ கேக்குறேன், அந்த புதன்கிழமையே கேட்டிருந்தா அந்த நகம் பிஞ்சிருக்காது. போறவங்க வீட்ல பால்கனிக் கம்பிய அளந்த மாதிரி எங்க வீட்டையும் அளந்திருக்கணும். யாரு எப்ப இருக்காங்க, நாய் யார நம்பி இருக்கு, அந்த ஆளு இல்லாத வீட்டுக்குப் போனா என்ன ஆகும்னு நான் யோசிக்கவே இல்ல.

இன்னொன்னும் இருக்கு. ஜனவரிலயும் சரி, ஆகஸ்ட்லயும் சரி, வெல்லத்தக் கொடுக்கறதப் பத்தி அத்தைகிட்ட யாரும் கேக்கல. நாய் புடிக்காதவங்ககிட்ட என்ன கேக்கறதுன்னு விட்டுட்டோம். ஆகஸ்ட்ல சலாசிலேர்ந்து திரும்புறப்போ கார்ல அவரு கொடுத்த சௌசௌ ஒரு மூட்டை. அத்தை வழி பூரா பேசல. வீடு வந்ததும், "அந்தாளுக்கு பவுடர் போடற பழக்கம் இருக்கா"ன்னு கேட்டாங்க. இல்ல அத்தைன்னேன். "அப்ப வெளிய கிளம்புறது அதுக்கு எப்படித் தெரியும், கேட்டுச் சொல்லு"ன்னுட்டு சௌசௌ உரிக்க உக்காந்துட்டாங்க.